மருந்துச் சீட்டைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள்

"எதிர்மனுதாரர் குழந்தை பிறந்தது முதல் மனநோய்க்கு ஆளானவர். மனநல மருத்துவரிடம் மருந்து வாங்கி உட்கொண்டவர். அவரிடம் குழந்தையை ஒப்படைப்பது குழந்தையின் உயிருக்கே ஆபத்து."

விவாகரத்தும் குழந்தையும் கேட்டுக் குடும்பநல நீதிமன்றத்தில் என் கணவர் போட்டிருக்கும் மனுவில் இப்படி எழுதியிருக்கிறது. அந்த எதிர்மனுதாரர் நான்தான். ஆதாரமாக என் மருந்துச் சீட்டின் ஜெராக்ஸை இணைத்திருக்கிறார்கள். நான் யாரையும் அடித்ததில்லை. பிள்ளையைப் பட்டினி போட்டதில்லை. முடியவில்லை என்று டாக்டரிடம் போனேன், கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டேன். என் மேல் உள்ள குற்றம் முழுவதும் அவ்வளவுதான்.

பிரசவமாகி அம்மா வீட்டில் இருந்தபோது, பச்ச உடம்புக்காரி என்று என்னை எல்லாரும் தாங்கினார்கள். அதை நான் மறுக்கவில்லை. பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் வேளை தவறாமல் வந்தன. லேகியம் உருட்டிக் கொடுத்தார்கள், காதில் பஞ்சு வைத்தார்கள், வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். பார்க்க வந்தவர்கள் "பால் ஊறுதா?", "பிள்ளை எத்தனை கிலோ?", "யார் ஜாடை?" என்று கேட்டார்கள். சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்து பிள்ளையை எடை போட்டார், தொப்புளைப் பார்த்தார், என் தையல் ஆறிவிட்டதா என்று கேட்டார். நல்ல மனுஷி. ஆனால் உன் மனசு எப்படியம்மா இருக்கு என்று அவரும் கேட்கவில்லை, வேறு ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நடு ராத்திரியில் பிள்ளை வீறிடும். "எடுத்துப் பால் குடுடி" என்று அம்மா தூக்கக் கலக்கத்தில் சொல்வாள். எல்லாம் காதில் விழும், ஆனால் கை எழும்பாது. தொட்டில் இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. அந்த இரண்டடி போக முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். தூக்கினால் கீழே போட்டுவிடுவேனோ என்று உள்ளங்கை வேர்த்து வழியும். பிள்ளை தூங்கிவிட்டால் வேறு பயம்: மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்ப்பேன். பகலில் சாப்பிட உட்கார்ந்தால் காரணமே இல்லாமல் கண்ணீர் சோற்றில் சொட்டும். "பெத்தவ அழுதா பால் வத்திப் போகும்" என்று அதட்டினார்கள். அதன் பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை நன்றாக வளரும் என்ற எண்ணம் ஒரு நாள் மெல்ல வந்தது. பிறகு தினமும் வந்தது.

மாமியார் போனில் "அடுத்தது பையனா பொறந்துடும், கவலப்படாத" என்றார். அப்போது என் தையல்கூட முழுதாக ஆறவில்லை. கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், பிள்ளையை மடியில் வைத்துப் போட்டோ எடுப்பார், சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். ஒரு முறை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு "எனக்கு என்னமோ பண்ணுதுங்க" என்று சொன்னேன். "ஊர்ல எவளும் பிள்ளை பெறலையா?" என்றார். காத்துக் கருப்பு பட்டிருக்கும் என்று மந்திரித்து ஒரு தாயத்து கட்டினார்கள். அவர்கள் செய்த வைத்தியம் அதோடு முடிந்தது.

எங்களுக்குத் தெரியாது, அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது என்று இப்போது சொல்கிறார்கள். அந்தக் காலத்திலும் இருந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பார்த்து, 2002-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்கு 11 பேர். யாருக்கு அதிகம் வந்தது என்பதையும் எழுதியிருக்கிறார்கள்: வருமானம் குறைந்தவர்கள், பையனை எதிர்பார்த்த வீட்டில் பெண்ணைப் பெற்றவர்கள், மாமியாரோடோ பெற்றோரோடோ ஒத்துப்போகாதவர்கள், ஒத்தாசைக்கு ஆள் இல்லாதவர்கள். அதைப் படித்தபோது என் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டு எழுதினார்களோ என்று இருந்தது. இந்தியா முழுவதும் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கணக்கு இன்னும் கூடுதல்: நூற்றுக்கு 22. ஐந்து தாய்மாரில் ஒருத்தி. பிரசவமானதும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் உடம்பில் சடாரென்று இறங்குகின்றன. முதல் சில நாள் அழுகை பல பெண்களுக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடங்காமல் போனால் அது நோய். நோய்க்கு வைத்தியம் உண்டு.

அந்த வைத்தியத்தை நானேதான் தேடிப் போனேன். ஐந்தாம் மாதம் என்னைப் புருஷன் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே தடுப்பூசி போடப் போவதாகச் சொல்லி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனநல மருத்துவரைப் பார்த்தேன். பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார்கள். எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987-இலிருந்து உலகமெங்கும் இருக்கிறதாம். பத்தாவது கேள்வி, உன்னையே நீ வருத்திக்கொள்ளத் தோன்றியதா என்பது. அதற்கு உண்மையைச் சொன்னேன். செர்ட்ரலின் எழுதிக் கொடுத்தார், தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்றார்.

சில வாரங்களில் உள்ளே ஏதோ இளகியது. ஒரு நாள் பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டும்போது இடது காதுக்குப் பின்னால் கடுகளவு மச்சம் இருப்பதைப் பார்த்தேன். அத்தனை மாதமும் என் கையில் கிடந்த பிள்ளை! அன்றுதான் அவளை முதல் முறையாகப் பார்த்தது போல் இருந்தது. அவள் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். மாத்திரை எனக்குக் கொடுத்தது இதைத்தான்.

அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மாத்திரை அட்டையை மாமியார் எடுத்துவிட்டார். "பைத்தியத்தைத் தலையில கட்டிட்டாங்க" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். "உடம்பு தேறட்டும், அம்மா வீட்டுல இரு. பிள்ளை இங்க இருக்கட்டும்" என்று என்னை அனுப்பினார்கள். தேறிக்கொண்டிருந்தவளைத்தான் அனுப்பினார்கள். எனக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. இப்போது மகளைச் சனிக்கிழமைகளில் கோர்ட்டில் பார்க்கிறேன். நேரம் முடிந்ததும் பிரித்துத் தூக்கிப் போகிறார்கள்.

மனுவோடு இணைத்த ஜெராக்ஸில் சீட்டின் முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. பின்பக்கத்தில் என் கையெழுத்தில், "9 மாசம் – அம்மை ஊசி, மறக்கக் கூடாது" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். குழந்தையின் உயிருக்கு ஆபத்தானவள் எழுதியது அது. அதை ஜெராக்ஸ் எடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

சட்டம் இவர்கள் பக்கம் இல்லை. மனநோய் என்று ஒரு பெயரைச் சொல்லி மட்டும் விவாகரத்து வாங்க முடியாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு நோய் கடுமையானது என்று நிரூபிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1988-இலேயே ராம் நாராயண் குப்தா வழக்கில் சொல்லிவிட்டது. முன்பு சிகிச்சை பெற்றதை மட்டும் வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். மனநல மருத்துவமனையில் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்தே மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஐந்து வயது வரை குழந்தை பொதுவாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டம் சொல்கிறது. இத்தனையும் புத்தகத்தில் இருக்கிறது. நான் படியேறிக்கொண்டே இருக்கிறேன், வாய்தா மேல் வாய்தா போடுகிறார்கள், என் மகள் நான் இல்லாமல் பேசக் கற்றுக்கொள்கிறாள்.

போன மாதம் சித்தி மகள் போன் பண்ணினாள். அவளுக்குக் குழந்தை பிறந்து ஆறு வாரம். குரல் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டரிடம் போ, இல்லாவிட்டால் 14416-க்காவது போன் பண்ணிப் பேசு, அது அரசாங்கம் கொடுத்திருக்கும் மனநல உதவி எண், காசு கிடையாது என்றேன். "அக்கா, உனக்கு நடந்ததைப் பார்த்துட்டு நான் எப்படிப் போவேன்? நாளைக்கு என் புள்ளையையும் புடுங்கிட்டா?" என்றாள். என் வீட்டுக்காரர் போட்ட மனு என்னை மட்டும் அடிக்கவில்லை. ராத்திரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பெண்ணின் வாயையும் அடைக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் நல்ல மருமகள், வாயைத் திறந்து உதவி கேட்டால் பைத்தியம் என்றால், இவர்களுக்கு வேண்டியது பிள்ளையின் உயிரா, குடும்பத்தின் பெயரா?

அடுத்த வாய்தாவில் குறுக்கு விசாரணை. மனநல மருத்துவரிடம் போனீர்களா, ஆமாவா இல்லையா என்று அவர்கள் வக்கீல் கேட்பார். இல்லை என்று சொல்லிவிடு, ஜெராக்ஸ்தானே என்று சொந்தக்காரர்கள் காதைக் கடிக்கிறார்கள். சொல்ல மாட்டேன். ஆமாம், போனேன். செத்துப் போகாமல் இருக்கப் போனேன். என் மகளுக்கு அம்மா வேண்டும் என்று போனேன். அவளை என்னிடம் கொடுங்கள்.