தாய்ப் பத்திரம் கேட்டால் கோபம் வருதாம்!

"நம்பர்ஸ் மேட்சிங்" என்று ஒரு மந்திரம் இருக்குங்க. அமெரிக்காவில் 1960-70களின் மஸில் கார் விற்கிறவர்கள் வாயில் முதலில் வருவது இதுதான். வண்டி பிறந்தபோது இருந்த அதே இன்ஜின் இன்னும் இருக்கிறது, பிளாக்கில் அடித்த எண் வண்டி எண்ணோடு ஒத்துப்போகிறது என்று அர்த்தம். சொன்னவுடன் விலை ஏறும், வாங்க வந்தவர் வாய் மூடிவிடும். எனக்கோ கேட்டாலே எரிச்சல்.

புனேயில் பேங்கில் உட்கார்ந்திருக்கிற உனக்கென்ன அமெரிக்கக் கார் கவலை என்கிறீர்களா? டெக்சாஸிலும் நியூஜெர்சியிலும் இருக்கிற நம்ம பிள்ளைகள் முதலில் வீடு, அடுத்து ஒரு பழைய மஸ்டாங் என்று இறங்குகிறார்கள். போவது நம்ம வீட்டுப் பணம் சாமி :-)

இருபது வருஷமா லோன் பேப்பர் பார்க்கிறேன். எங்க தொழிலில் பாலபாடம் இது: கடன் கேட்கிறவர் கையில் கொண்டுவருகிற காகிதம் சாட்சி ஆகாது. வில்லங்கச் சான்றிதழை சார்பதிவாளர் ஆபீஸிலிருந்து நாமே எடுத்துப் பார்க்கணும். தாய்ப் பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கைமாற்றமும் விட்டுப்போகாமல் வரணும். அஞ்சு லட்ச ரூபாய் மனைக்கு இவ்வளவு பார்க்கிற நாம், அறுபதாயிரம் டாலர் வண்டிக்கு விற்கிறவர் காட்டும் போட்டோவைப் பார்த்துத் தலையாட்டுகிறோம்.

அந்த எண்ணையே எடுத்துக்குங்க. இரும்பில் அடித்த எண். அரைத்துவிட்டு மறுபடி அடிக்க எத்தனை நேரமாகும்? ஃபேக்டரியில் அந்த இடத்தைச் செதுக்கும்போது விழுந்த மெல்லிய கோடுகளை வைத்து, தெரிந்தவர் கண்டுபிடிப்பார். இப்போது அந்தக் கோடுகளையும் போலியாகப் போடுகிறார்கள். இன்னொரு பக்கம், நேர்மையாக இன்ஜின் வேலை பார்த்தபோதே எண் அரைபட்டுப் போயிருக்கலாம். ஆக, எண் இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி என்பதே தப்புக் கணக்கு.

அடுத்தது விஐஎன், நம்ம ஊர் சேஸிஸ் நம்பர் மாதிரி. 1964, 65-ல் போண்டியாக் ஜிடிஓ தனி மாடலே கிடையாது, லெமான்ஸ் வண்டிக்கு ஒரு ஆப்ஷன். விஐஎன்னைப் பார்த்தால் லெமான்ஸ் என்றுதான் தெரியும். 1966-லிருந்துதான் தனி அடையாளம். 1967-ல் செவ்ரலே செய்த கமாரோ இசட்-28 மொத்தமே 602. அதற்கும் விஐஎன்னில் தனிக் குறிப்பு கிடையாது. சாதாரண கமாரோவுக்கு பேட்ஜ் ஒட்டி, கோடு போட்டு விற்கிறவருக்கு இதைவிட என்ன வேணும்?

அப்போ எதை நம்புவது? விற்பவர் கைபடாத பதிவேட்டை. போண்டியாக்குக்கு பிஹெச்எஸ் என்ற நிறுவனத்திடம் கம்பெனியின் பழைய பில்லிங் ஆவணங்கள் இருக்கின்றன. ஃபோர்டுக்கு 1967-லிருந்து மார்ட்டி ரிப்போர்ட். டாட்ஜ், பிளிமத் என்றால் 1966-லிருந்து விஐஎன்னின் ஐந்தாவது இடமே எந்த இன்ஜின் என்று சொல்லும். (அதனால்தான் அங்கே தகட்டையே கழற்றி வேறு வண்டியில் மாட்டுகிற திருட்டு. அமெரிக்கச் சட்டப்படி அது ஃபெடரல் குற்றம்.) அமெரிக்காவில் விற்ற அந்தக்கால செவ்ரலேக்களுக்குத்தான் பெரிய ஓட்டை. எந்த இன்ஜினோடு வந்தது என்று வண்டி வாரியாகச் சொல்லும் கம்பெனிப் பதிவேடு கிடைப்பதில்லை. டீலர் பில், பெட்ரோல் டேங்க் மேல் ஒட்டிக்கிடக்கும் பில்ட் ஷீட் என்று தேடணும். அந்தத் தாள்களும் தகடுகளும் புதுசாக அச்சடித்து வெளிப்படையாகவே விற்கப்படுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர் வரலாறு இன்னும் மோசம். 17 இலக்க விஐஎன் வந்ததே 1981-ல். கார்ஃபாக்ஸ் அதற்கு முந்தைய வண்டிக்கு உதவாது. பழைய ஓனர் பெயரைக் கேட்டால் மாநில மோட்டார் வாகனத் துறை சும்மா தராது, 1994-ன் அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. வெர்மாண்ட் மாநிலம் 2023 வரைக்கும், 15 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு, வேற மாநிலத்துக்காரருக்கும் டைட்டில் கேட்காமல் தபாலிலேயே பதிவு கொடுத்துக்கொண்டிருந்தது! பட்டா இல்லாத நிலத்துக்கு வீட்டு வரி ரசீது வாங்கிய கதைதான்.

புல்லிட் படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங்கைப் பாருங்க. ராபர்ட் கீர்னன் என்பவர் 1974-ல் சுமார் 6,000 டாலருக்கு வாங்கினார். அவர் மனைவி அதில்தான் பள்ளிக்கூட வேலைக்குப் போய்வந்தார். 1977-ல் மெக்வீனே வண்டியைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினார், கிடைக்கவில்லை. 2020 ஜனவரியில் ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குப் போனது, கமிஷன் தனி. பெயிண்ட் உரிந்து, துருவோடுதான் மேடையேறியது. விலை பளபளப்புக்கா கிடைத்தது? கடிதத்துக்கும் ஒரே குடும்பத்தின் 46 வருஷ அனுபோகத்துக்கும்.

"ஓட்டுகிற சுகம் ஒன்றுதானே, க்ளோனாக இருந்தால் என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. தாராளமாக வாங்குங்கள், க்ளோன் விலைக்கு. க்ளோன் செய்வது பாவமில்லை, அசல் விலைக்குத் தள்ளுவது மோசடி. ஏலக் கம்பெனி காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள், 'இருக்கிறபடியே விற்பனை' என்று பொடி எழுத்தில் போட்டுக் கையைக் கழுவிக்கொள்வார்கள்.

மார்ட்டி ரிப்போர்ட் வாங்க ஆகிற செலவு, குடும்பத்தோடு ஒரு வேளை ஓட்டல் சாப்பாடு அளவுதான். அதை விற்பவரிடம் கேட்காமல் நீங்களே வாங்குங்கள். பெயிண்ட் போட்ட கடை, இன்ஜின் பிரித்த மெக்கானிக், முந்தைய ஓனர் என்று பெயர் கேளுங்கள். "என் வார்த்தையை நம்பலையா?" என்று முகம் சுளித்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்பி வந்துவிடுங்கள்.