மார்க் நம்மளுது, சீட்டு யாருது?

பிளஸ் டூவில் 600-க்கு 560, 570 வாங்கின புள்ள. நீட்டில் 720-க்கு 180, 200. அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மா மல்லாட்டை பிடுங்கப் போகிறவர். இப்படி ஒரு வீடு இல்லாத காலனி திருவண்ணாமலை வட்டாரத்தில் இன்றைக்குக் குறைவு. ரிசல்ட் வந்த மறுநாளே ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிடுகிறார்கள். ‘இன்னொரு வருசம் கோச்சிங் போட்டு எழுது’ என்கிறார் ஒருத்தர். ‘நமக்கெல்லாம் டாக்டரு எதுக்கு?’ என்கிறார் இன்னொருத்தர். ‘சர்ட்டிபிகேட்டை மட்டும் குடு, மிச்சத்தை ஸ்காலர்ஷிப்புல பாத்துக்கலாம்’ என்று ஒரு ஏஜெண்ட் வாசலில் வந்து நிற்கிறான். இயக்கத்துக்காரர்கள் நாம் என்ன சொல்கிறோம்? நீட்டை ஒழிப்போம் என்கிறோம். சரி. ஜூலை மாசம் அந்தப் புள்ள எந்தக் காலேஜ் வாசலில் போய் நிற்கணும் என்று சொல்கிறோமா?

இந்தச் சண்டை நமக்குப் புதுசில்லை. 1984-இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தார்கள். அதை ஒழிக்க இருபது வருசத்துக்கு மேல் ஆனது. 2006-இல் சட்டம் போட்டு, 2007-இலிருந்து பிளஸ் டூ மார்க்கே அளவுகோல் என்றானது. பத்து வருசம்தான் அந்தக் கதவு திறந்திருந்தது. 2017-இல் மருத்துவத்துக்கு நீட் வந்து மூடியது. குழுமூர் அனிதாவை நாம் மறக்க முடியாது. 1200-க்கு 1176. மருத்துவ கட் ஆஃப் 200-க்கு 196.75. நீட்டில் 720-க்கு 86. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் நியாயம் கேட்டார். 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி அவரை இழந்தோம். தமிழ்நாடு சட்டமன்றம் 2021-இலும் 2022-இலும் நிறைவேற்றி அனுப்பிய நீட் விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்பது 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது.

‘தகுதி’, ‘திறமை’ என்று பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2023-இல் முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாகக் கிடந்தபோது, நீட் தகுதியைப் பூச்சியம் பெர்சன்டைலுக்கு இறக்கினார்கள். தேர்வு எழுதினாலே போதும், தகுதி வந்துவிடும்! கட்டணம் கட்ட ஆள் தேவைப்பட்டபோது தகுதி எங்கே போனது? நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் எடுத்துச் சொன்ன கணக்கு இன்னும் வெளிப்படையானது. தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில், ஒரு தடவைக்கு மேல் முயன்று வந்தவர்கள் 2016-17-இல் நூற்றுக்குச் சுமார் 12 பேர். 2020-21-இல் 71 பேர். அப்படியானால் இந்தத் தேர்வு அளப்பது மூளையை மட்டும் இல்லை. ஒரு வருசம் சம்பாத்தியம் இல்லாமல் புள்ளையை உட்கார வைத்து, கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட எந்த வீட்டால் முடியும் என்பதையும் சேர்த்துத்தான் அளக்கிறது.

தேர்வு மார்க்கை வைத்து ஆளை அளப்பவர்கள் பாபாசாகேப்பைக் கொஞ்சம் பார்க்கட்டும். 1907-இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது வாங்கியது 750-க்கு 282. அன்றைக்குக் கல்லூரிக்குள் நுழைய அதுதான் தேர்வு. பரோடா மன்னரின் உதவித்தொகை இருந்ததால் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்தார், 1913-இல் கொலம்பியா போனார். 282-ஐப் பார்த்து யாராவது கதவைச் சாத்தியிருந்தால்?

இப்போ காலேஜுக்கு வருவோம். மருத்துவத்தைக் கைவிடுவதற்கு முன் ஒன்றைப் பார்க்கணும். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இலிருந்து இருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் இதில் சேரும். நீட்டில் தகுதி மார்க்கைத் தாண்டினால் போதும், அதன்பிறகு போட்டி அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்குள்ளே மட்டும்தான். பொதுப் பட்டியலில் எடுபடாத மார்க் இங்கே எடுபடலாம். ‘இருநூறு மார்க்தானே’ என்று விண்ணப்பமே போடாமல் விடுவது நாமே நம் கதவைச் சாத்திக்கொள்வது. வயித்தைக் கட்டி, கடன் வாங்கி, புள்ளையை இங்கிலீஷ் மீடியம் மெட்ரிக் பள்ளியில் போட்டவர்களுக்கு இது கிடையாது. அந்தப் பெற்றோரின் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் ஆறாவது சேர்க்கும்போதே இதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

அதிலும் கிடைக்கவில்லை என்றால் பிளஸ் டூ மார்க்கை மட்டும் பார்க்கிற கதவுகளை முதலில் தட்டணும். பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்கு கட் ஆஃப். கிண்டியும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் அந்தக் கணக்கில்தான். பக்கத்தில் வேலூர் பாகாயத்தில் தந்தை பெரியார் அரசுக் கல்லூரி, ஆரணியில் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி. வேளாண்மையும் கால்நடை மருத்துவமும் அப்படியே. நம்ம தண்டராம்பட்டு வட்டத்து வாழவச்சனூரிலேயே அரசு வேளாண் கல்லூரி இருக்கிறது. அதே வட்டத்துத் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30-ஆம் தேதிதான் போலீஸ் பாதுகாப்போடு முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம்ம சனம் காலை வைத்தது. கோயில் கதவுக்குக் காட்டின பிடிவாதத்தில் பாதியை இந்தக் கல்லூரிக் கதவுக்கும் காட்டணும் என்பது என் அபிப்பிராயம்.

சட்டத்தை நம்ம புள்ளைங்க ஏனோ கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். அம்பேத்கர் பெயரில் உள்ள பல்கலைக்கழகத்தின் கீழ் வேலூரிலும் விழுப்புரத்திலும் அரசு சட்டக் கல்லூரிகள். ஐந்து வருசப் படிப்பு, பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குத்தான் தனித் தேர்வு. மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் 2022-இலிருந்து கியூட் தேர்வு வந்துவிட்டது. திருவாரூருக்கு அப்ளை பண்ணுகிற புள்ளைக்கு இது தெரிந்திருக்கணும். வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆர். போடவைக்க வக்கீல் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், ஊருக்கு ஒரு டாக்டர் எவ்வளவு தேவையோ அவ்வளவு ஒரு வக்கீலும் தேவை.

கவுன்சிலிங்கில் நம்மை வீழ்த்துவது மார்க் இல்லை, விவரம் இல்லாததுதான். 200-க்கு 190 வைத்திருக்கிற புள்ள பிரவுசிங் சென்டர்காரர் சொன்ன நாலு தனியார் காலேஜை மட்டும் வரிசையில் போட்டுவிட்டு வருகிறது. எத்தனை காலேஜ் வேண்டுமானாலும் போடலாம், வேண்டியதை மேலே போடணும் என்று யாரும் சொல்லவில்லை. பொதுப்பட்டியலின் 31 விழுக்காடும் நமக்குச் சேர்த்துத்தான். மார்க் இருக்கிறவர் அதில் உள்ளே போனால், 18 விழுக்காட்டில் இன்னொரு புள்ளைக்கு இடம் மிச்சம். அதற்குள் 3 விழுக்காடு அருந்ததியர்க்கு. அதைக் கேட்டு வாங்கும் அளவுக்கு அந்தத் தெருக்களில் நாம் போய் வேலை செய்திருக்கிறோமா?

ஏஜெண்ட் கொண்டுவருவது பெரும்பாலும் மேனேஜ்மெண்ட் கோட்டா. அதில் கையெழுத்துப் போட வேண்டாம். கவுன்சிலிங் வழியாகப் போனால், குடும்ப வருமானம் வருசத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் கல்விக் கட்டணம் வரும். ‘முதலில் நீ கட்டு, கவர்மெண்ட் பணம் வந்தால் திருப்பித் தருகிறோம்’ என்று சொல்கிற காலேஜ்கள் உண்டு. பஸ் கட்டணம், ஹாஸ்டல், இன்னும் பெயர் தெரியாத கட்டணங்கள் உண்டு. சேர்வதற்கு முன்பே அங்கே படிக்கிற நம்ம பசங்களைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிடணும். விளம்பரத்தைவிட அவர்கள் சொல்வது உண்மை.

‘நீட்டுக்குப் பயந்து எல்லாரும் வேறு படிப்புக்குப் போனால் சேரியிலிருந்து டாக்டர் யார் வருவது, இது சரணாகதி இல்லையா?’ என்று தோழர்கள் கேட்கிறார்கள். கேள்வி சரியானது. இலவசப் பயிற்சியும் தங்க இடமும் கிடைத்து, புள்ளைக்கும் மனசு இருந்தால், ஒரு தடவை திரும்ப எழுதட்டும். ஆனால் கம்மலை அடகு வைத்து, மாட்டை விற்று, ரெண்டாம் வருசம், மூணாம் வருசம் என்று ஒரு புள்ளையைத் தனியறையில் உட்கார வைப்பதை நான் எதிர்க்கிறேன். நீட்டை எதிர்க்க வேண்டியது இயக்கம். பதினேழு வயசுப் புள்ள தன் மூணு வருசத்தை அதற்குக் காவு கொடுக்க வேண்டியதில்லை. தெருவில் கொடி பிடிப்பதும் மேசையில் விண்ணப்பம் நிரப்புவதும் ஒரே ஆள் செய்யக்கூடிய வேலைதான்.

பிளஸ் டூ ரிசல்ட் மே மாசம் வருகிறது. அதற்கு முன்பே சாதிச் சான்று, வருமானச் சான்று, அரசுப் பள்ளியில் படித்த சான்று மூன்றும் கையில் இருக்கணும். சான்று நிலுவையில் கிடந்தால் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் புள்ளையைத் தனியாக அனுப்பாமல் ரெண்டு பேர் கூடப் போங்க. பொறியியல் பதிவுக் கட்டணம் நமக்கு 250 ரூபாய். படிப்பகத்தில் ஒரு கம்ப்யூட்டரும், ஏற்கெனவே கவுன்சிலிங் முடித்த ரெண்டு சீனியர்களும் இருந்தால் போதும். ஏஜெண்ட் வருவதற்கு முந்தின நாள் அவர்கள் அந்த வீட்டுக்குப் போயிருக்கணும்.