மோட்டார் குடிக்கும் சாராயம்! கிணறு கொடுக்கும் தண்ணீர்!

மனிதன் குடிக்கலாமா, கூடாதா என்று தமிழ்நாட்டில் பல தலைமுறையாக வாதம் நடந்து வருகிறது. அந்த வாதம் ஒரு முடிவுக்கு வருவதற்குள் மோட்டார் குடிக்க ஆரம்பித்துவிட்டது!

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள வல்லத்துக்காரர் ஒருவர் தம் ஸ்கூட்டருக்கு 5 லிட்டர் பெட்ரோல் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 4 லிட்டர்தான் பெட்ரோல். மீதி 1 லிட்டர் எரிசாராயம். எத்தனால் என்று இப்போது பெயர் சொல்லப்படும் சரக்கு அதுதான்.

இதை யாரும் ஒளித்துச் செய்யவில்லை. சர்க்காரே பகிரங்கமாகச் செய்கிறது. 2003-ல் 5 சதவிகிதம் என்று தொடங்கிய திட்டம் பத்து ஆண்டுகள் தூங்கி வழிந்தது. 2013-14-ல்கூட சராசரிக் கலப்பு 1½ சதவிகிதம்தான். பிறகு விழித்துக்கொண்டது. 2022 ஜூனில் 10 சதவிகிதம். 2030-ல் 20 சதவிகிதம் என்று வைத்திருந்த குறியை 2025-க்கு முன்னே இழுத்து, அதையும் எட்டியாயிற்று. சர்க்கார் திட்டம் ஒன்று குறித்த காலத்துக்கு முன்பே முடிவது அபூர்வம். அந்த மட்டில் பாராட்ட வேண்டியதுதான்.

புதிய யோசனை என்றும் சொல்ல முடியாது. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, பஸ்ஸின் பின்புறம் அடுப்பு கட்டி, கரிவாயுவில் ஓட்டினார்கள். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளியதை அந்தக் காலத்துப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். சுதந்திரம் வந்த மறு ஆண்டே, 1948-ல், மோட்டாருக்குச் சாராயம் கலப்பதற்கென்று ஒரு சட்டமும் பிறந்தது. அப்போது நோக்கம் பெட்ரோலை மிச்சம் பிடிப்பது ஒன்றுதான். இப்போது அதோடு இன்னொரு பெயரும் சேர்ந்திருக்கிறது: சுத்தமான மோட்டார்!

மெக்கானிக் கடையில் எழுந்த கூச்சல்

2025 ஆகஸ்டில் நாடெங்கும் ஒரே கூச்சல். "மைலேஜ் குறைந்துவிட்டது", "டியூப் இற்றுவிட்டது", "வண்டி இழுக்கவில்லை" என்று கார்க்காரர்களும் மோட்டார் சைக்கிள்காரர்களும் புகார் கூறினார்கள். இதில் பாதி உண்மை, பாதி பீதி.

உண்மை என்னவென்றால், ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் ஓட்டம் குறையத்தான் செய்யும். நீதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே இது கூறப்பட்டிருக்கிறது. பழைய அமைப்பிலுள்ள கார்களில் 6 முதல் 7 சதவிகிதம், இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவிகிதம் மைலேஜ் குறையும் என்று அதில் கண்டிருக்கிறது. இந்தக் கலவையைத் தாங்கும் உறுப்புகளோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலுக்குப் பிறகு. சாலையில் ஓடுபவற்றில் எத்தனையோ அதற்கு முந்தியவை. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் உறுப்புகளை மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமும் ஒப்புக்கொண்டிருக்கிறது.

என்ஜின் வெடித்துவிடும், வண்டி நடுவழியில் நின்றுவிடும் என்பதெல்லாம் பீதி. அதை விட்டுத் தள்ளலாம்.

கலப்பில்லாத பெட்ரோலும் வேண்டும், பங்க்கில் அளவை எழுதி வைக்கவும் வேண்டும் என்று ஒருவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2025 செப்டம்பர் 1-ந் தேதி அந்த மனு தள்ளுபடி ஆயிற்று.

சர்க்கார் தரப்பிலும் பலமான வாதம் இருக்கிறது. 2014-15 முதல் 2025 ஜூலை வரை எத்தனால் கலந்ததால் 1 லட்சத்து 44 ஆயிரம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். 736 லட்சம் டன் கரியமில வாயு குறைந்தது என்றும் சொல்கிறார்கள். பயிர் வளரும்போது காற்றிலிருந்து உறிஞ்சிய வாயுதான் எரியும்போது திரும்பப் போகிறது. பூமிக்கடியில் கிடந்த எண்ணெயைத் தோண்டி எரிப்பதுபோல் அல்ல. இந்த நியாயத்தை மறுப்பதற்கில்லை.

காற்றுக் கட்சியும் தண்ணீர்க் கட்சியும்

ஆனால் வாதம் முழுவதும் மெக்கானிக் கடையிலேயே நின்றுவிட்டதுதான் வேடிக்கை. சாராயம் வண்டிக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்றே எல்லோரும் பார்க்கிறார்கள். வண்டிக்கு வரும் முன் அது எங்கிருந்தது? கழனியில் இருந்தது. அதற்கு முன்? கிணற்றில் இருந்தது!

சுற்றுச்சூழல் அன்பர்களே இந்த இடத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சி காற்றைப் பார்த்து, "எத்தனால் நல்லது" என்கிறது. இன்னொரு கட்சி தண்ணீரைப் பார்த்து, "ஐயோ, வேண்டாம்" என்கிறது. பஞ்சாபில் ஜீரா என்ற ஊருக்குப் பக்கத்தில் எத்தனால் ஆலை ஒன்றால் நிலத்தடி நீர் கெடுகிறது என்று 2022 ஜூலையில் கிராமத்தார் மறியலில் உட்கார்ந்தார்கள். மழை, பனி பாராமல் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2023 ஜனவரியில் ஆலையை மூடுவதாக முதல் மந்திரி அறிவித்தார். தெலங்கானாவில் திலாவர்பூரிலும் 2024 நவம்பரில் ஜனங்கள் சாலையை மறித்து ஆலை வேலையை நிறுத்தினார்கள். பட்டணத்துக் காற்றுக்குச் செய்யும் உபகாரத்தின் செலவு, கிராமத்துக் கிணற்றின் கணக்கில் எழுதப்படுகிறது என்பதே அவர்கள் புகார்.

அந்தக் கணக்கைச் சற்றுப் பார்க்கலாம். ஒரு டன் கரும்பிலிருந்து 70 லிட்டர் எத்தனால் எடுக்கலாம். அப்படி எடுக்கும் ஒரு லிட்டருக்கு, பயிர் நிலத்தில் நின்ற காலத்தில் செலவாகும் தண்ணீர் சுமார் 2,860 லிட்டர். எதிர்க்கட்சி கூறும் கணக்கல்ல. மேலே சொன்ன அதே நீதி ஆயோக் அறிக்கையில் இருப்பது. 15 லிட்டர் குடமானால் 190 குடம்! கரும்புச் சாற்றிலிருந்தே நேராக எடுத்த எத்தனாலாக இருந்தால், வல்லத்து ஸ்கூட்டர் ஒருமுறை 5 லிட்டர் குடிக்கும்போது அத்தனை குடமும் சேர்ந்தே போகிறது.

கழிவு வேறு, சாறு வேறு

இந்த இடத்தில் ஒரு பேதம் பார்க்க வேண்டும். கரும்பிலிருந்து சர்க்கரை முழுவதும் எடுத்த பிறகு கடைசியில் மிஞ்சும் கழிவுப்பாகை மொலாசஸ் என்கிறார்கள். அதிலிருந்து வடிக்கும் எத்தனாலுக்குத் தனியாக ஒரு குடம் தண்ணீரும் கழனியில் செலவாகவில்லை. சர்க்கரைக்காக இறைத்த தண்ணீரிலேயே அது வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட எத்தனாலை மோட்டாருக்கு ஊற்றினால் யாருக்கு என்ன நஷ்டம்? குடிகாரன் தொண்டையில் இறங்குவதைவிட என்ஜினில் இறங்குவது எவ்வளவோ மேல்!

சாற்றையே நேராகச் சாராயமாக்கும்போதுதான் சங்கடம். 2024-25-ம் பருவத்துக்கு நிர்ணயித்த விலையைப் பாருங்கள். கழிவுப்பாகில் எடுத்த எத்தனால் லிட்டர் 57 ரூபாய் 97 காசு. சாற்றில் எடுத்தது 65 ரூபாய் 61 காசு. சாற்றை எடுத்தால் சர்க்கரை கிடைக்காதே, அந்த நஷ்டத்துக்கு ஈடு என்பது சமாதானம். ஆலை முதலாளி நோக்கில் அது சரி. கிணற்றின் நோக்கில் பார்த்தால், அதிகத் தண்ணீர் குடித்த சரக்குக்கு அதிக விலை கொடுப்பதாகவே முடிகிறது.

உணவா, எரிபொருளா என்ற சங்கடத்தைச் சர்க்காரும் அறியாமல் இல்லை. 2023 டிசம்பரில் சர்க்கரை குறையும் என்ற பயம் வந்ததும் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கத் தடை போட்டார்கள். சில நாளில் கொஞ்சம் தளர்த்தினார்கள். 2024 ஆகஸ்டில் எடுத்தே விட்டார்கள். அதற்குள் பாரம் தானியத்தின் தலையில் ஏறிவிட்டது. மக்காச்சோளத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி வந்த தேசம், 2024-ல் வெளிநாட்டிலிருந்து வாங்கும்படி ஆயிற்று. கோழித் தீவன விலை ஏறியதில் நாமக்கல் பண்ணைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். சர்க்காருக்குக் கிலோ சுமார் 40 ரூபாய் அடக்கமாகும் அரிசியை, 22 ரூபாய் 50 காசுக்கு ஆலைகளுக்குக் கொடுக்க 2025-ல் உத்தரவாயிற்று. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

மல்லாட்டையின் கதி

விழுப்புரம் மாவட்டம் கரும்புக்குப் பெயர்போனது. முண்டியம்பாக்கத்தில் ஆலை இருக்கிறது. கரும்பு பயிரிடுகிறவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஆலையோடு பதிவு செய்துவிட்டால் விலை நிச்சயம். 2025-26-ம் பருவத்துக்கு அடிப்படை விலை குவிண்டால் 355 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள்; நிர்ணயித்த விலைக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கட்டிங் ஆர்டர் தாமதமாகலாம். பணம் நிலுவையில் கிடக்கலாம். ஆனாலும் ஒருநாள் வரும். எத்தனால் விற்ற பணம் ஆலைக்குச் சீக்கிரம் கிடைப்பதால் அந்த நிலுவை குறையும் என்பதும் வாஸ்தவமே.

ஆனால் வல்லம், செஞ்சி, திண்டிவனம் சீமைக்குப் பூர்வீகச் சொத்து மல்லாட்டை. மற்ற ஜில்லாக்காரர்கள் வேர்க்கடலை, நிலக்கடலை என்பார்கள், இங்கே மல்லாட்டைதான். மூன்றரை மாதத்தில் வீடு வந்து சேரும். மானாவாரியிலும் விளையும். நிலத்துக்கு உரமும் சேர்க்கும். திண்டிவனத்தில் இதற்கென்றே எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாடெங்கும் உழவர் வாயில் வழங்கும் டி.எம்.வி. ரக விதைகளின் பெயரில் ஒளிந்திருப்பது திண்டிவனம் என்ற ஊரே!

இந்த மல்லாட்டைக்கும் 2025-26-க்குக் குவிண்டால் 7,263 ரூபாய் என்று ஆதரவு விலை அறிவித்திருக்கிறார்கள். அந்த விலை கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டும் என்று வியாபாரியைக் கட்டாயப்படுத்தச் சட்டமில்லை. அறுப்புக் காலத்தில் மூட்டைகள் குவிந்தால் விலை சரியும். ஆகையால் போர்வெல்லில் தண்ணீர் இருக்கும் வரை, பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமாக ஓடும் வரை, கரும்பின் பக்கம் மனம் சாய்வது இயற்கை.

இதன் விளைவு என்ன? இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. கச்சா எண்ணெய்க் கப்பலைக் குறைக்க வேண்டுமென்று கரும்பையும் சோளத்தையும் பெருக்கி, கடலை நிலத்தைச் சுருக்கினால், பாமாயில் கப்பல் ஒன்று கூடுதலாக வந்து நிற்கும். ஒரு பையில் மிச்சம் பிடித்த டாலரை இன்னொரு பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது எந்த ஊர்ச் சாமர்த்தியம்?

பிரேஸில் செய்தது

எத்தனாலுக்குப் பேர்போன தேசம் பிரேஸில். 1975-லேயே அங்கே திட்டம் தொடங்கிவிட்டது. 2025 ஆகஸ்ட் முதல் பெட்ரோலில் 30 சதவிகிதம் கலக்கிறார்கள். அதைக் காட்டி, "அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது?" என்று கேட்கிறவர்கள் இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். முதலாவது, அங்கே கரும்பில் பெரும்பகுதி மழையை நம்பி விளைகிறது. ஆயிரம் அடி போர் போட்டு அல்ல. இரண்டாவது, அங்கே பங்க்கில் எத்தனாலுக்கு ஒரு குழாய், கலப்புப் பெட்ரோலுக்கு ஒரு குழாய். எதையும் குடிக்கும் கார்கள் 2003 முதல் அங்கே விற்பனையாகின்றன. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால் லாபம் என்பது அந்நாட்டு டிரைவர்களுக்கு மனப்பாடம். ஓட்டம் குறைந்தால் விலையும் குறைய வேண்டும் என்ற நியாயம் அங்கே குழாயடியிலேயே நிலைநாட்டப்பட்டிருக்கிறது.

இங்கேயும் நீதி ஆயோக் அறிக்கை அதையே சிபாரிசு செய்தது: கலவையின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று. நடந்தது வேறு. எத்தனால் கொள்முதல் விலை சராசரி லிட்டர் 71 ரூபாய் 32 காசாக ஏறிவிட்டது, ஆகவே குறைக்க இயலாது என்று 2025-ல் சர்க்கார் பதில் சொல்லிவிட்டது. நஷ்டம் யார் தலையில்? கூலி வேலைக்கும் பால் சொசைட்டிக்கும் பழைய மோட்டார் சைக்கிளில் போகிறவர் தலையில்தான். புதிய கார் வாங்கச் சக்தியுள்ளவருக்கு இந்தக் கவலை இல்லை.

இந்த வண்டி வாங்கு, அந்த எண்ணெய் ஊற்று என்ற பேச்சில், வண்டியே எடுக்காமல் போகும் வழி மறந்து போகிறது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சுமார் 70 கிலோமீட்டர் ரயில் பாதை போட 2006-07-லேயே அனுமதி கிடைத்தது. இன்னும் ரயில் ஓடவில்லை. பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு சாராயம் ஊற்றுவதைவிட, ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோலே செலவாகாமல் செய்வது எளிது. அதற்கு ரயிலும் வேளைக்கு வரும் பஸ்ஸும் வேண்டும்.

20 சதவிகிதத்தோடு நிற்கப் போவதாகவும் தெரியவில்லை. 27, 30 என்ற பேச்சு ஆரம்பமாகிவிட்டது. அந்தப் படியில் கால் வைக்கும் முன் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. கழிவுப்பாகும் உணவுக்கு உதவாத தானியமும் முதலில் தீரட்டும். 2022-ல் பானிப்பட்டில் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கத் தொடங்கினார்களே, அந்த வழி பெருகட்டும். சாற்றில் எடுத்த எத்தனாலுக்கு விலை நிர்ணயிக்கும்போது, அந்தக் கரும்பு சொட்டு நீரில் விளைந்ததா, வாய்க்கால் பாய்ச்சலில் விளைந்ததா என்றும் ஆலையில் கேட்கட்டும். சிறு விவசாயிக்குச் சொட்டு நீர்க் கருவி முழு மானியத்தில் கிடைக்கும்போது அது செய்ய முடியாத காரியமல்ல. மல்லாட்டைக்கு அறிவித்த விலையைச் செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் கையில் எண்ணிக் கொடுக்க ஏற்பாடு வேண்டும். பங்க்கில், விலைப் பலகைக்குப் பக்கத்திலேயே, ஒரு லிட்டரில் எத்தனால் எவ்வளவு, அது எதிலிருந்து எடுத்தது என்று தமிழில் எழுதி வைக்க வேண்டும்.