ராயபுரம் ஸ்டேஷன் யாருக்கு?

பொன்னேரியில ஏறி பீச் ஸ்டேஷன் போற வண்டி, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை தாண்டினதும் ராயபுரத்துல நிக்கும். அங்க ஏறுறவங்களையும் இறங்குறவங்களையும் விரல் விட்டு எண்ணிடலாம். போன வாரம் என்கூட வந்த அண்ணன் மகன் ஜன்னல் வழியா பார்த்துட்டு, "ஆளே இல்லாத ஸ்டேஷனுக்கு இவ்ளோ இடம் எதுக்கு சித்தப்பா?"ன்னு கேட்டான். பதில் சொல்றதுக்குள்ள பீச் வந்துடுச்சு. அவனுக்குச் சொல்ல நினைச்சதை இங்க எழுதுறேன்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று கிளம்பியது இந்த ராயபுரத்திலிருந்துதான். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி, ஆற்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வாலாஜா ரோடு வரைக்கும் ஓடியது. அதற்கு மூணு வருஷம் முன்னால், 1853 ஏப்ரல் 16-ல், பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடிவிட்டது. ஆனால் அந்த இரண்டு ஊரிலும் பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்றைக்கு இல்லை. நிற்பது நம்ம ராயபுரம் மட்டும்தான். நாட்டில் மிச்சமிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் இதுதான் மூத்தது.

ஏன் ராயபுரம்? வியாபாரம் எல்லாம் கருப்பர் நகரத்தில், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனில் நடந்தது. பக்கத்திலேயே கடற்கரை. துறைமுகம் கட்டாத காலம் அது. அலையைத் தாண்டிக் கப்பலுக்கும் கரைக்கும் சரக்கு கொண்டுபோனது மசூலா படகுகள். உள்நாட்டு விளைச்சலைக் கடலோரம் கொண்டுவந்து சேர்க்கத்தான் தண்டவாளம் போட்டார்கள். 1862-ல் அந்தப் பாதை மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரைக்கும் போய்விட்டது. 1873-ல் சென்ட்ரல் வந்தது, 1908-ல் எழும்பூர் வந்தது, ராயபுரம் பின்னால் போய்விட்டது.

இதில் பட்டணத்துக்காரங்க அதிகம் பேசாத விஷயம் ஒண்ணு உண்டு. பாதை போட்ட மெட்ராஸ் ரயில்வே கம்பெனி லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டியது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரர்களுக்கு இவ்வளவு வட்டி நிச்சயம் என்று அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்தது. குறைந்த பணத்தை யார் கொடுத்தது? இந்த நாட்டு வரிப்பணம்தான். மதராஸ் மாகாணத்தின் பெரிய வருமானம் நிலவரி. அதாவது ரயத்துவாரி முறையில் எங்க கொள்ளுத்தாத்தாக்கள் கட்டின கிஸ்தி. மழை பொய்த்த வருஷத்திலும் கிஸ்தி நின்றதில்லை, லண்டன்காரனுக்கு வட்டியும் நின்றதில்லை. அந்தத் தூண்களில் எங்க பங்கும் இருக்கு. அதனால்தான் ஒரு விவசாயி ரயில்வே ஸ்டேஷனைப் பற்றிப் பேசுறேன்.

2005-ல் கட்டடத்தைப் புதுப்பித்து, அக்டோபர் 2-ல் திறந்தார்கள். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெயின்ட் அடிச்சா கட்டடம் பிழைக்கும், ஸ்டேஷன் பிழைக்குமா? வண்டியும் ஜனமும் வந்தாத்தான் ஸ்டேஷன். போர் அடிக்காத களத்துல நெருஞ்சிதான் முளைக்கும். ராயபுரத்துக்கு 72 ஏக்கர் இருக்கு, முனையமாக்குங்கன்னு வடசென்னை ஜனங்க பல வருஷமா கேட்கிறாங்க. மூன்றாவது முனையம் தாம்பரத்துக்குப் போச்சு. நான்காவதுக்குப் பெரம்பூர் பேரு அடிபடுது.

எதிர்ப்பக்க நியாயமும் எனக்குப் புரியுது. ராயபுரத்தில் இன்ஜின் ஷெட் இருக்கு, சரக்கு கையாளும் இடம் இருக்கு. பக்கத்திலேயே துறைமுகம். ரயில்வேக்குச் சோறு போடுறது சரக்குதான். வெளியில் ரோடும் குறுகல், கன்டெய்னர் லாரிக்கே வழி போதலை. எல்லாத்தையும் தூக்கிட்டு இன்னொரு சென்ட்ரல் கட்டுங்கன்னு நான் கேட்கலை.

பயமெல்லாம் வேற. நாளைக்கு 'மறுசீரமைப்பு'ன்னு ஆரம்பிச்சு, பழைய கட்டடத்தை மியூசியமாக்கி, பக்கத்துல காபிக் கடையும் செல்ஃபி எடுக்கிற இடமும் வச்சு, மிச்ச நிலத்தை வணிக வளாகத்துக்குக் கொடுத்துட்டா? அதுல காசிமேட்டு மீன்காரம்மாவுக்கு என்ன இருக்கு? மீஞ்சூர்லேர்ந்து கட்டு தூக்கிட்டு வர்றவனுக்கு என்ன இருக்கு?

நான் கேட்கிறது சின்னதுதான். பழைய கட்டடம் டிக்கெட் கொடுக்கிற இடமாவே இருக்கட்டும். நிலத்தில் ஒரு சென்ட் கூட ரயில் தவிர வேறு எதுக்கும் போக வேண்டாம். வடக்கே போற வண்டியில நாலைஞ்சாவது இங்கிருந்து கிளம்பட்டும். மொத்தமா முனையம் வேண்டாம், அந்த நாலைஞ்சுக்குப் பிளாட்பாரம் போதும். விடியற்காலையில் கூடையோட, மூட்டையோட இறங்குறவங்களுக்குச் சாய்தளம், தண்ணி, சுத்தமான கழிப்பறை. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்துச்சு, சந்தோஷம். ஆனா மீன் கூடையை மெட்ரோவில் ஏற்ற முடியுமா? அந்தக் கூடைக்கு இன்னைக்கும் மின்சார ரயில்தான் கதி.

சென்ட்ரலைப் பார்த்திருப்பீங்க, எழும்பூரைப் பார்த்திருப்பீங்க. ஒரு நாள் பீச்சிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுத்து, ராயபுரத்தில் இறங்கிப் பாருங்க. நாம இறங்காத ஸ்டேஷனை வேற எதுக்காவது கொடுக்கிறது யாருக்கும் சுலபம்.