உயர்நிலைப் பள்ளி வாயிலில்

ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளை ஆறாம் வகுப்பிற்குச் செல்லுங்கால் பள்ளி மட்டுமா மாறுகின்றது? எல்லாப் பாடங்களையும் ஓராசிரியரிடமே கற்றுப் பழகிய சிறுவர்க்கு இனிப் பாடத்திற்கோர் ஆசிரியர் வருவார். பத்து அகவை கடந்த உள்ளம் அஞ்சுதல் இயல்பே. அவ்வச்சத்தை அதட்டிப் போக்கவொண்ணாது. சேர்க்கையின் போதே புதுப்பள்ளியின் வழியும் வகுப்பறையும் காட்டுக. விடுமுறையில் நாளும் ஒரு பக்கம் தமிழை வாய்விட்டுப் படிக்கச் செய்க. தடையின்றிப் படிக்கும் பிள்ளைக்கு அறிவியலும் வரலாறும் எளியவாகும்.

பெற்றோர் செய்யும் பெரும்பிழை வேறொன்றுண்டு. ஐந்தாண்டு தமிழில் கற்ற பிள்ளையை, 'உயர்நிலை' என்றவுடன் ஆங்கிலவழிப் பிரிவில் தள்ளுவதே அது. புதுப்பள்ளி, புதுப்பாடம், புதுப் பயிற்றுமொழி என்னும் மும்மடிச் சுமையை அப்பிஞ்சுத் தோள் தாங்குமா? இழப்பும் உண்டு. தமிழ்வழிக் கற்றோர்க்குத் தமிழ்நாட்டரசுப் பணிகளின் நேரடி அமர்த்தத்தில் நூற்றுக்கு 20 இடங்களை முன்னுரிமையாக வழங்க 2010-இல் சட்டம் வந்தது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தமோ, பள்ளிப்படிப்பும் தமிழ்வழியிலேயே அமைந்திருத்தல் வேண்டும் என்கின்றது. ஆறாம் வகுப்பில் வழிமாற்றப்பட்ட பிள்ளை அவ்வுரிமையை அன்றே இழக்கின்றது.

ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்கு கற்கட்டும், தடையில்லை. அறிவு வேரூன்றும் நிலம் தாய்மொழியே. சேர்க்கைத் தாளில் கையெழுத்திடுமுன் பெற்றோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக!