வேஸ் வழி தவறினால் சூரியனைத் திட்டலாமா?

2024 மே 11, சனிக்கிழமை. மலேசிய நேரப்படி பின்னிரவு 1 மணி தாண்டியதும் சூரியப் புயல் ஒன்று பூமியின் காந்தப்புலத்தைத் தாக்கியது. 2003க்குப் பிறகு ஜி5 எனும் உச்ச நிலையைத் தொட்ட முதல் புயல் அது. லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்தது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு அந்தக் காட்சி கிடைக்காது. அப்புறம் நமக்கென்ன சம்பந்தம்னு கேட்பீர்கள்.

சம்பந்தம் உங்கள் கைப்பேசியில்தான் இருக்கிறது. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல், எலக்ட்ரான்கள் நிறைந்த அயனி மண்டலத்தைக் கடக்கும்போது தாமதமாகிறது. அந்தத் தாமதம் அலைவரிசைக்கு அலைவரிசை மாறும். ஆகவே இரண்டு அலைவரிசைகளை ஒப்பிட்டால், வழியில் எத்தனை எலக்ட்ரான்கள் இருந்தன என்று கணக்கிட்டுவிடலாம்.

புயலின்போது துருவப் பகுதியில் மேல்வளிமண்டலம் சூடாகி வீங்குகிறது. குளத்தில் கல் விழுந்த மாதிரி அங்கிருந்து அலைகள் கிளம்பும். நொடிக்கு 600 மீட்டர் வேகம் என்றால், மூன்று நான்கு மணி நேரத்தில் நம் தலைக்கு மேல் வந்துவிடும். எலக்ட்ரான் கணக்கில் சிற்றலையாக அது தெரியும்.

ஒரே கருவி போதாது. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் ஆளுக்கொன்று வைத்தாலும் பயன் குறைவு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. வடக்கிலிருந்து வரும் அலை இரண்டையும் ஒரே நேரத்தில் கடந்துவிடும். பெர்லிஸிலிருந்து ஜொகூர் பாரு வரை போக அதே அலைக்குக் கால் மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் வேகமும் திசையும் பிடிபடும். ஜூபெம் எனப்படும் நில அளவைத் துறையின் மைஆர்டிகேநெட் நிலையங்கள் நாடு முழுக்க இருப்பது இதற்குக் கைகொடுக்கிறது. அவை அலை பிடிக்க நடப்பட்டவை அல்ல, நிலம் அளக்க நடப்பட்டவை.

பாதிப்பும் நிலம் அளப்பவர்களுக்குத்தான் அதிகம். சென்டிமீட்டர் துல்லியம் தேவைப்படும் வேலையில் சிற்றலையும் பிசகுதான். அந்த மே மாதத்தில் அமெரிக்காவில் ஜிபிஎஸ் டிராக்டர்கள் தடுமாறி, விதைப்பே சில இடங்களில் நின்றது. கேஎல் சென்ட்ரல் பக்கம் வேஸ் உங்களை அடுத்த சாலைக்குத் தள்ளினால், முதலில் உயரமான கட்டடங்களைச் சந்தேகியுங்கள், சூரியன் பாவம்.

இரு துருவ அலைகளும் சந்திக்கும் இடம் நம் வட்டாரம். ஆனால் மேற்கே மலாக்கா நீரிணை, அதைத் தாண்டினால் சுமத்ரா, பிறகு இந்தியப் பெருங்கடல். கடல் நடுவில் நிலையம் நட முடியாது.