மறுப்பும் தீர்ப்பும் ஒன்றல்ல

"உயர் நீதிமன்றமே மறுத்துவிட்டதாம். அப்படியென்றால் அவர் பக்கம் நியாயம் இல்லைத்தானே?" செய்தி கேட்கும்போது நம் வீடுகளில் எழும் பேச்சு இது. நீதிமன்றம் மறுத்தது எதை என்று நாம் கேட்பதில்லை.

மாஹிர் அரார் சிரியாவில் பிறந்த கனேடியப் பிரஜை, பொறியியலாளர். 2002 செப்டெம்பர் 26ஆம் திகதி, விடுமுறை முடிந்து வீடு திரும்பும் வழியில் நியூயோர்க் விமான நிலையத்தில் தடுத்துவைக்கப்பட்டார். அமெரிக்க அதிகாரிகள் அவரைக் கனடாவுக்கு அனுப்பாமல், ஜோர்தான் வழியாகச் சிரியாவுக்கு அனுப்பினர். அங்கே ஏறத்தாழ ஒரு வருடம் சிறையில் கிடந்தார், சித்திரவதைக்கும் ஆளானார்.

விடுதலையான பின் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார். 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏழுக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர் சொன்னது பொய் என்று அது கூறவில்லை. தேசிய பாதுகாப்போடு தொடர்புபட்ட இத்தகைய விடயத்தில் நட்டஈட்டுக்கு வழிசெய்ய வேண்டியது சட்டமன்றமே என்றது. அம்முடிவை மீளாய்வு செய்ய 2010 ஜூன் 14இல் உயர் நீதிமன்றம் மறுத்தது. காரணம் எதுவும் சொல்லவில்லை.

அங்கு ஒன்பது நீதியரசர்களில் நால்வர் இணங்கினால்தான் ஒரு வழக்கு விசாரணைக்கு எடுக்கப்படும். வருடந்தோறும் வரும் ஆயிரக்கணக்கான மனுக்களில் நூறுக்கும் குறைவானவையே அவ்வாறு எடுக்கப்படுகின்றன. ஆகவே மறுப்பு என்பது கீழ் நீதிமன்றம் சொன்னது சரி என்ற தீர்ப்பன்று. "இதை நாங்கள் விசாரிக்கவில்லை" என்பது மட்டுமே அதன் பொருள்.

எல்லா மனுக்களையும் விசாரிக்க முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரு மனிதனின் உடலும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட வழக்கில் நான்கு வரியிலாவது காரணம் சொல்ல வேண்டாமா? காரணம் சொல்லாத மௌனத்துக்கு ஊர் தன் விருப்பப்படி பொருள் கொள்ளும். அந்தப் பழியையும் வழக்காளியே சுமக்க வேண்டியிருக்கிறது.

கனடாவில் வேறொரு கதவு திறந்தது. அரார் சிறையில் இருந்தபோதே அவருடைய மனைவி, கலாநிதிப் பட்டம் பெற்ற மோனியா மஸீக், இரு சிறு பிள்ளைகளோடு இருந்துகொண்டு ஓயாமல் குரல் கொடுத்தார். பின்னர் அரசாங்கம் விசாரணை ஆணைக்குழு அமைத்தது. அரார் குற்றம் செய்ததற்குச் சான்றில்லை என 2006இல் அது அறிக்கையிட்டது. மறுவருடம் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். ஒரு கோடியே ஐந்து இலட்சம் கனேடிய டொலர் நட்டஈடும் வழங்கப்பட்டது.

நம் நாட்டிலும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்ல அனுமதி பெற வேண்டும். ஆகவே, "மறுத்துவிட்டது" என்ற செய்தியை அடுத்த முறை கேட்கும்போது ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பார்ப்போம்: விசாரித்து மறுத்தார்களா, விசாரிக்கவே மறுத்தார்களா? அதற்கு விடை தெரியும்வரை யாரையும் குற்றவாளியாக்காதிருப்பது நம் கையில்தான் இருக்கிறது.